ஐந்தாம் கூடத்து நண்டுக்காலம்மை

நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற சாலையில், ஒரு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஜில்லாவிலேயே நீளமான பெயர்ப்பலகை நிற்கிறது. ‘கலைகள் மற்றும் அறிவியல்களின் மேன்மை போற்றும் தொன்மைச் செதுக்கச்சுப் படங்களின் சிறப்பு அருங்காட்சியகம், மண்டலப் பிரிவு.’ பலகையின் கடைசி எழுத்து பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. அந்த ஒரு ‘வு’வுக்காகத் தோப்புக்காரரிடம் வருஷாவருஷம் தடையில்லாச் சான்று வாங்குகிறார்கள். அவரும் தேங்காய் விழுந்தால் தான் பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனை பெரிய பெயருக்குள்ளே இருப்பது ஏழே படங்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யாரோ செப்புத் தகட்டில் கூரான உளியால் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்தவை. ஒவ்வொரு கலையையும் ஒரு பெண்ணாக வரைவது அந்தக் காலத்து வழக்கமாம். இலக்கணம் கையில் சாட்டையோடு நிற்கிறாள். தருக்கம் பாம்பைப் பிடித்திருக்கிறாள். சொற்கலை வாய் திறந்திருக்கிறாள். எண்கணிதத்துக்குப் பலகை, வடிவகணிதத்துக்குக் கவராயம், இசைக்கு ஆர்மோனியம் மாதிரி ஒரு பெரிய வாத்தியம், வானியலுக்கு ஒரு கோளம்.

ஏழு படத்துக்கும் ஏழு கூடம். ஒரு கலை இன்னொரு கலையைப் பார்த்துவிடக் கூடாது என்பது துறையின் கொள்கை. அதற்குத் ‘தனித்தகைமைக் காட்சிமுறை’ என்று பெயர். கபடிப் போட்டி நடத்துகிற அளவுக்குக் கூடம். அதன் ஒரே ஒரு சுவரில், பள்ளிக்கூட நோட்டு அளவுக்கு ஒரு படம். மற்ற மூன்று சுவர்களிலும் ‘தொடாதீர்’ என்று எழுதியிருக்கும்.

காவலுக்குச் செய்யது அலி. கோட்டாற்றுக்காரர். அரபு நாட்டில், தம்மாமில் ஒரு பேரங்காடி வாசலில் பதினெட்டு வருஷம் கூட்டத்தைத் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோன கைகளை இங்கே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன வருஷம் நாற்பத்தோராயிரம் பேர் காட்சியகத்துக்கு வந்ததாக ஏடு சொல்கிறது. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் காம்பவுண்டுச் சுவரில் சாய்கிறவர்கள் அத்தனை பேரும் ‘புறநிலைப் பார்வையாளர்’. உள்ளே வந்தவர்களுக்குத் தனிப் பத்தி உண்டு. அது திறந்த நாளிலிருந்து வெள்ளையாகக் கிடந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், நல்ல மழையில், ரீத்தா அந்தப் பத்தியை அழுக்காக்கினாள்.

ரீத்தாவுக்கு அறுபத்திரண்டு வயது. கடற்கரையிலிருந்து மீன் எடுத்து எறும்புக்காடு பக்கம் தெருத்தெருவாக விற்பவள். தலையில் அலுமினியச் சருவம், அதில் விற்காமல் மிஞ்சிய அரைச் சருவம் சாளை.

“உள்ள ஒதுங்கிக்கிடட்டா தம்பி? கொடை எடுக்கல்ல.”

செய்யது அலி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. “அக்கா, நீங்க உள்ளயா வாறிய?”

“ஏன், உள்ள ஆளு வரப்பிடாதா?”

“வரலாம். வந்ததில்ல, அதான்.”

படிவம் எடுத்தார். பதினான்கு கட்டம். பன்னிரண்டு கட்டம் தடங்கலில்லாமல் நிரம்பியது.

“வந்த நோக்கம் என்னதுக்கா? கல்வி, ஆய்வு, இன்பம். மூணுல ஒண்ணு செல்லணும்.”

“மழை.”

“மழைக்குக் கட்டமில்ல.”

“அப்ப இருக்கதுல எது சும்மா கெடக்கு?”

“இன்பம்னு போடட்டா?”

“போடு. அந்த வார்த்தயக் கேட்டு நாளாச்சு.”

சருவத்தை வெளியே வைக்க விதி இல்லை. பதியாமல் உள்ளே வைக்கவும் விதி இல்லை. அலி யோசித்துப் பார்த்துக் காட்சிப்பொருள் ஏட்டிலேயே பதிந்தார்: ‘அலுமினியக் கலம் ஒன்று. உள்ளே மீன்கள், வெள்ளி நிறம், காலம் தெரியவில்லை.’ ஏட்டில் ஏறிய பொருள் காப்பாட்சியர் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. காப்பாட்சியரோ ‘மக்களை அருங்காட்சியகம் நோக்கி ஈர்த்தல்’ என்ற பயிலரங்குக்காக ஒன்பது நாள் தலைநகரில் இருந்தார். மூன்றாம் நாள் நாலு ஊர்ப் பூனைகள் காம்பவுண்டைச் சுற்றி உட்கார்ந்தன. அவையும் புறநிலைப் பார்வையாளராகப் பதிவாயின. பத்தாம் நாள் சருவம் ரீத்தாவின் கைக்கு வந்தபோது அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் எண் எட்டு என்று இருந்தது. சாளை இருந்த இடத்தில், ‘பொருள் இயல்பு மாற்றம் அடைந்தது’ என்ற சான்றிதழ் இருந்தது.

நிற்க. மழை விடாத அந்த முதல் நாளில் ரீத்தா கூடம் கூடமாக நடந்தாள். படங்களைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வெள்ளைக்காரப் பெண்கள், நீளத் துணி, கையில் ஆளுக்கொரு அடையாளம்: புனிதைகள்தான், வேறு யார்? வாத்தியக்காரி சந்தேகமில்லாமல் பாட்டுக்காரர்களின் புனிதை செசிலியம்மாள். சாட்டைக்காரி ஏதோ பள்ளிக்கூடம் நடத்திய கன்னியாஸ்திரி. அவளை வேகமாகக் கடந்தாள். மாதாவின் காலுக்கடியில் கிடக்க வேண்டிய பாம்பு இன்னொருத்தி கையில் எப்படி வந்தது என்றுதான் கொஞ்சம் குழப்பம்.

ஐந்தாம் கூடத்தில் நின்றுவிட்டாள். கல்லின்மேல் ஒரு சின்னப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். கையில் இரண்டு கால் கவைத்த ஒரு சாமான்.

நண்டுக்கால்!

கடலில் விழுந்த சிலுவையைச் சவேரியாருக்கு ஒரு நண்டு கவ்விக்கொண்டு வந்து கொடுத்த கதையைத் தாய்ப்பாலோடு குடித்த கரை அது. நண்டு காரியமில்லாமல் படத்தில் வராது. அப்படியானால் இவள் கடற்கரைக்குச் சொந்தக்காரி. பின்னே எப்படி ஒரு கொடியேற்றம் இல்லை, பத்து நாள் திருநாள் இல்லை, பேண்டு செட் இல்லை, இவள் பெயர் வைத்த ஒரு பிள்ளைகூட இல்லை?

“இவளுக்குத் திருநாள் எப்ப தம்பி?”

“போர்டுல இருந்தாத்தான்கா எனக்குத் தெரியும்.”

ரீத்தா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டினாள். முதல் ஆறு வரி அவளுக்கு விளங்கவில்லை. அது யாருக்கும் விளங்காது. ஏழாவது வரி விளங்கியது: ‘உரிமை கோருவோர் எவருமில்லை.’

அவள் தலை முந்தானையை இறக்கி, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஆருமே இல்லியா மக்கா ஒனக்கு?” என்றாள்.

ரீத்தாவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோஹாவிலிருந்து மகன் ஷிபு கட்டிக் கொடுத்த இரண்டு மாடி. படுக்க அஞ்சு முறி, நாலு குளிமுறி, மாடியில் நின்றால் கடல். மகள் லிஜி குவைத்தில் நர்ஸ். புருஷன் மரியஜான், பால்காய்ச்சுக்கு மூன்று மாதம் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார். ரீத்தா அடுக்களையில் படுப்பாள். மற்ற முறிகளில் விளக்குப் போட்டால் தரை ரொம்பப் பளபளக்கிறது; அதில் தெரிகிற ஆள் தன்னைப் போலவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீடியோவில் வருவார்கள். “சாப்டியாம்மா?” என்பார்கள். “சாப்ட்டேன்” என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சிரிக்கும். பிறகு படம் உறைந்துவிடும். மீன் விற்க வேண்டாம் என்று மகன் சொல்லிப் பார்த்துவிட்டான். “வித்தாத்தான் நாலுபேரு வெல கேப்பா” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் ரீத்தா மழையில்லாமலே வந்தாள். அதற்கு அடுத்த நாளும். கட்டத்தில் இன்பம், இன்பம், இன்பம் என்று அலி எழுதிக்கொண்டே போனார். அவள் மெழுகுதிரி ஏற்றவில்லை, எதுவும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. துணைக்கு ஆளில்லாதவர் வீட்டில் போய் ஒரு பாடு நேரம் இருந்துவிட்டு வருகிறவர்களைப் போலத் தரையில் உட்கார்ந்து பேசினாள்.

“ஏட்டி மக்கா, இண்ணைக்கு அயிலை கொள்ளாம், நல்ல பச்சை மீனு, கேட்டியா? அந்த வாத்தியாருக்க பெண்டாட்டி கண்ணுல வெள்ள இருக்குன்னு ஒதுக்கிப் போட்டுட்டா. மீனுக்க கண்ணத்தான் செல்லுதேன். அவளுக்க கண்ணுலதான் வெள்ள. நீ ஏன் எப்பவும் குனிஞ்சே இருக்கா? கழுத்து வலிக்காதா?”

பயிலரங்கு முடிந்து திரும்பிய காப்பாட்சியர் முனைவர் ராஜமணி, கண்காணிப்புக் கேமராவில் ஐந்தாம் கூடத்தில் ஓர் அசைவைக் கண்டார். கருவி கெட்டுவிட்டது என்று கம்பெனிக்கு எழுதினார். ஆள் வந்து கழற்றிப் பார்த்து, பழுதில்லை, அது மனுஷர்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். ராஜமணி நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு ரீத்தாவை அறைக்கு வரவழைத்தார்.

“நீங்கள் ஐந்தாம் கூடத்தில் உதட்டை அசைத்தீர்களா?”

“பேசினா உதடு அசையும் சாரே.”

“யாரிடம் பேசினீர்கள்? அங்கே ஒருவருமில்லையே?”

“அதனாலதான பேசினேன்.”

ராஜமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அம்மா, அது புனிதை அல்ல. வடிவகணிதம்.”

“அதா அவளுக்க பேரு?”

“பெயரல்ல. அது ஒரு கருத்து.”

“கருத்துக்கு எதுக்கு சாரே கம்மல்?”

ராஜமணி எழுந்து ஐந்தாம் கூடத்துக்குப் போனார். பதினோரு வருஷமாக அந்தப் படத்தைப் பாதுகாத்து வந்தவர், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார். கம்மல் இருந்தது. திரும்பி வந்து கோப்பில் எழுதினார்: ‘கம்மல் குறித்த புகார் உண்மை.’

கோப்பு நகரத் தொடங்கியது. ரீத்தா பார்வையாளரா, பக்தரா? பக்தர் என்றால் ஐந்தாம் கூடம் வழிபாட்டிடம் ஆகும். காப்பாட்சியர் செருப்பைக் கழற்ற வேண்டிவரும். பார்வையாளர் என்றாலோ ஆபத்து இன்னும் பெரிது. ஒருவர் உள்ளே வந்துவிட்டது வெளியே தெரிந்தால், அடுத்த வருஷம் பத்துப் பேர் வர வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைக்கும். ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கு இன்னொரு குழு.

விசாரணை நாளன்று ரீத்தா துவைத்த சேலை உடுத்தி, சுவரோரம் நின்றாள். இணை இயக்குநர் வந்திருந்தார். சால்வை போர்த்தப்பட்டது. கூடத்தில் ஏழு அதிகாரிகளும் ரீத்தாவும் அலியும்தான். ஆனாலும் அவர் ஒலிபெருக்கியில்தான் பேசினார்.

“அன்பார்ந்தவர்களே! இந்தப் படங்கள் மக்களின் சொத்து. மக்களின் சொத்தை மக்கள் தொடாமல், நெருங்காமல், கூடுமானவரை பார்க்காமலும் பார்த்துக்கொள்வதே நமது கடமை. முந்நூறு ஆண்டுகளாக எவரும் பேசாத ஒரு படத்தோடு இந்த அம்மையார் பேசியிருக்கிறார். நாளைக்குப் படம் பதில் சொன்னால் அதில் கையெழுத்திடுவது யார்? கலைகளையும் அறிவியல்களையும் போற்றுவதற்காகவே அரசு நம்மை நியமித்திருக்கிறது. போகிற வருகிறவர்களெல்லாம் போற்றத் தொடங்கிவிட்டால் நமக்கு இங்கே என்ன வேலை?”

ஏழு பேரும் கைதட்டினார்கள். பெரிய கூடமாதலால் எழுநூறு பேர் தட்டியதுபோல் கேட்டது. அவர் கண் கலங்கிவிட்டார்.

வல்லுநர் கருத்துக்காகப் பங்குத்தந்தையை அழைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் வந்து சேர்ந்த அவர் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளிப் போய்ப் பார்த்தார். “நம்ம புனிதர் பட்டியல்ல இப்பிடி ஒரு ஆளு இல்ல ரீத்தாம்மா.”

“பட்டியல்ல இருக்கவளுக்கு நாங்க எதுக்கு ஃபாதர்? அவளுக்குத்தான் ஊரே உண்டே.”

தந்தை தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து, வாசல் வரை போய், ஒருமுறை படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

குழு தீர்ப்பளித்தது. ரீத்தா யாரென்று தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே படத்தைத் தீர்மானித்தார்கள். ஒளி பட்டுப்பட்டும், அண்மைக் காலமாகப் பேச்சு பட்டும் காகிதம் சோர்வடைந்திருக்கிறது. ஏழு படங்களையும் இருட்டறையில் ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். கால அளவு, மறு உத்தரவு வரை.

திங்கட்கிழமை ரீத்தா வந்தபோது ஐந்தாம் கூடத்துச் சுவரில் ஓர் ஆணியும் ஓர் அறிவிப்பும் இருந்தன. ‘காட்சிப்பொருள் ஓய்வில் உள்ளது. தொந்தரவு செய்யாதீர்.’

“எங்க தம்பி கொண்டு போனானுவ?”

அலி தரையைப் பார்த்தார். “கீழ. இருட்டு முறியில, பெட்டிக்குள்ள.”

“வெளக்கு?”

“கெடயாது.”

“ஆரு உண்டு அங்க?”

“ஆருமில்லக்கா.”

ரீத்தா சருவத்தை இறக்கி வைத்துவிட்டு ஆணிக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்கு உதடு அசையவில்லை. கேமரா அவளைச் சாமான் என்று பதிந்துகொண்டது.

ராஜமணி கெட்டவர் அல்ல. பதினோரு வருஷம் தனியறையில் உட்கார்ந்தால் யாரும் அப்படித்தான் ஆவார்கள். மூன்றாம் நாள் அவரே வந்து ஒரு வண்ண ஜெராக்ஸைக் கொடுத்தார், லேமினேட் செய்து. “இதை வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள் அம்மா. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். துறைக்கு ஆட்சேபமில்லை.”

ரீத்தா அதை வாங்கவில்லை. “இது எனக்கு எதுக்கு சாரே? நானா அவளத் தேடுதேன்? அவளல்லா இருட்டுல தனியா கெடக்கா.”

ராஜமணிக்கு விளங்கவில்லை. ‘மாற்று ஏற்பாட்டை மறுத்தார்’ என்று குறித்துக்கொண்டார்.

வழியைக் கண்டுபிடித்தது அலி. வேலையில்லாத வேலையில் விதிப்புத்தகத்தை எட்டுத் தடவை படித்து முடித்தவர் அவர். ஓய்விலிருக்கும் பொருளை ஆய்வாளர் மட்டும் பார்க்கலாம். வாழ்நாளில் ஒரு முறை, இருபது நிமிஷம். “ஆய்வாளருக்கு ஒரு வழிகாட்டி வேணும் சார்” என்று ராஜமணியிடம் இழுத்தார். “வழிகாட்டினவங்களுக்குப் பதவி உயர்வுல மார்க்கு உண்டுன்னு போட்டிருக்கு.” பதினோரு வருஷத்தில் ராஜமணி வழிகாட்டி யாரும் எங்கும் போனதில்லை. அன்று மாலையே படிவம் நிரம்பியது. தலைப்பு: ‘தென்கடற்கரைப் பின்னணியில் வடிவகணித உருவகத்தின் தனிமை: ஒரு நேர்முக ஆய்வு.’ கல்வித்தகுதி: ஐந்து. ஐந்து என்னவென்று யாரும் கேட்கவில்லை.

நாலு மாதம் ஓடியது. விரல்ரேகைக் கருவியில் ரீத்தா பத்து விரலையும் வைத்தாள். நாற்பது வருஷம் செதிளும் உப்பும் தின்ற விரல்கள். அப்படி ஒரு ஆளே இல்லை என்றது கருவி. இருக்கிறார் என்று மூன்று அதிகாரிகள் சான்றளித்தார்கள். பிறகு முகவரி சரிபார்க்க ஒரு போலீஸ்காரர் வந்து, வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“வீட்டுல வேற ஆரெல்லாம் உண்டு?”

“நான்தான்.”

“மாடியில?”

“அங்கயும் நான்தான்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சாயா கேட்டார். ரீத்தாவுக்கு அது பிடித்திருந்தது. இரண்டாவது சாயாவும் போட்டுக் கொடுத்தாள். மூன்றாவதுக்குப் பால் வைத்ததும் போலீஸ்காரர் பயந்துபோய் எழுந்துவிட்டார்.

அனுமதி வந்த நாளில் ரீத்தா கையை மூன்று சோப்புப் போட்டுக் கழுவினாள். கையுறை, வாயுறை, தலையுறை, காலுறை எல்லாம் மாட்டிவிட்டார்கள். கண் மட்டும் தெரிந்தது. அலி டார்ச்சோடு முன்னால் போக, ராஜமணி ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். இருட்டறையில் மேஜைமேல் ஒரு தட்டைப் பெட்டி இருந்தது. கல்யாணப் புடவைப் பெட்டி அளவுதான்.

“மக்கா, நான்தான். பயப்படாத” என்றாள் ரீத்தா, வாயுறைக்குள்ளிருந்து.

ராஜமணி மூடியைத் திறந்து மெல்லிய வெள்ளைத் தாளை நீக்கினார். சாட்டைக்காரி.

“இவளும் இங்கதானா?”

“ஆமாம். இலக்கணம்.” அவளை எடுத்து ஓரமாக வைத்தார். அதற்கடியில் பாம்புக்காரி. அதற்கடியில் வாய் திறந்தவள். அவளுக்கும் கீழே பலகைக்காரி. பிறகு அவள் வந்தாள். குனிந்த தலை, கம்மல், நண்டுக்கால். அவளுக்குக் கீழே தாளினூடே செசிலியம்மாளின் வாத்தியம் மங்கலாகத் தெரிந்தது.

ராஜமணி சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்தார். “இப்படி வைத்திருக்கக் கூடாதுதான். தனித்தகைமைப்படி ஏழு பெட்டி, நான் வருவதற்கு முன்பே கேட்டது. ஒன்றுதான் வந்தது.”

“ஏழுபேரும் ஒண்ணிச்சா கெடக்காளுவ?”

“தற்காலிகமாக.”

“ராத்திரியும்?”

“எப்போதுமே.”

ரீத்தா டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருத்திமேல் ஒருத்தியாக, ஒரே போர்வைக்குள் படுத்த அக்கா தங்கைமார் மாதிரி இருந்தார்கள். சின்னவள் நடுவில். கூடத்தில் வைத்துப் பார்த்தபோது துக்கத்தில் குனிந்த தலை, இப்போது தூக்கத்தில் சாய்ந்த தலை. ரீத்தாவின் கண்ணைச் சுற்றிச் சிரிப்பு சுருங்கியது. அப்புறம் அந்தச் சுருக்கம் மெல்ல அவிழ்ந்தது.

“மூடும் சாரே.”

“இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கிறதே!”

“இருக்கட்டு. அவளுவ ஒறங்கட்டு.”

ஆய்வு என்றால் முடிவு வேண்டும். ராஜமணி பேனாவைத் திறந்து காத்திருந்தார். “கண்டறிந்தது என்ன?”

“எழுதிக்கிடுங்க. அவளுக்கு ஆளுண்டு.”

ராஜமணி எழுதினார்: ‘பொருளுக்கு நெருங்கிய உறவினர் அறுவர் உளர் என்பது ஆய்வில் நிறுவப்பட்டது.’ எழுதியதைப் படித்துப் பார்த்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அருமை! இந்த ஒரு வரி போதும். ஏழும் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதற்கு ஆய்வாளரின் எழுத்துச் சான்று. தனித்தனிப் பெட்டி கேட்டு நாளைக்கே மேலே அனுப்புகிறேன்.”

ரீத்தா கையுறையைப் பாதி உருவியவள் அப்படியே நின்றாள். “பிரிச்சிருவியளா?”

“பெட்டி வந்ததும்.”

“எப்ப வரும் சாரே பெட்டி?”

ராஜமணி நேர்மையான மனிதர். “இந்த ஒன்று வருவதற்குப் பதினாலு வருஷம் ஆனது.”

ரீத்தா விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாள். அவள் வயது எழுபத்தாறில் வந்து நின்றது. “பதினாலு வருஷம் போதும்” என்றாள். “அவளுவ பேசித் தீத்துக்கிடுவாளுவ.”

மேலே வந்து வெளிச்சத்தில் உறைகளையெல்லாம் கழற்றி மடித்துக் கொடுத்தாள். “அடுத்தாப்ல எப்ப வருவியக்கா?” என்று அலி கேட்டார். “இனி எதுக்கு தம்பி? ஆளிருக்க எடத்துல நமக்கென்ன சோலி?” என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி, ராஜமணியின் மேஜைக்கு வந்தாள்.

“சாரே, எனக்க போன் நம்பரு எழுதிக்கிடுங்க.”

“பெட்டி வந்தால் கட்டாயம் தெரிவிக்கிறோம் அம்மா.”

“வந்தா செல்லுங்க.” இடுப்பிலிருந்த வெறுஞ்சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். “வரல்லன்னாலும் எடைக்கெடைக்க விளிச்சு, வரல்லன்னு செல்லுங்க.”